முகம் இருக்கிற பக்கத்தில் மஞ்சள்

மலையடிவாரத்தில் ஒரு படிக்கட்டு இருந்தது. அதற்குக் கதவே கிடையாது. விரும்பியவர் ஏறலாம், இறங்கலாம். ஒரு நாள், வழியில் கிடந்த சாவிக்கொத்து ஒன்றைப் பொறுக்கிக்கொண்ட குரங்கு முதல் படியில் வந்து உட்கார்ந்தது. ஏற வந்த முயலிடம், "கதவு பூட்டியிருக்கிறது. உன் கண்ணுக்குத் தெரியாது" என்றது. முயல் ஒரு கிழங்கைக் கொடுத்தது. குரங்கு காற்றில் சாவியைத் திருகி, "இப்போது போ" என்றது. மறுநாள் அணில்கள் கொட்டைகளோடு வரிசையில் நின்றன. மூன்றாம் நாள் முதல், எல்லோரும் தன்னை வாயிற்காவலர் என்றே அழைக்க வேண்டும் என்று குரங்கு கட்டளையிட்டது.

அந்தக் குரங்குக்குத் திருப்பதியில் ஓர் அலுவலகம் உண்டு. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், செருப்புக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருக்கிறது. வாசலில் 'கருடவாகனம் வெளிநாட்டுப் பயண ஆலோசனை மையம்' என்று பலகை தொங்கும். உள்ளே சுழல்நாற்காலியில் கோகுலகிருஷ்ணன் சுழல்வான். அவன் தலைக்குப் பின்னால் பாரிஸ் நகரத்துக் கோபுரமும், பனிமலையும், காற்றாலையும் ஒரே சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். ஐரோப்பியத் தூதரகங்களைப் பற்றி அவன் பேசும்போது, மாமனார் வீட்டுச் சமையலறையைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும். அவன் வாழ்நாளில் அதிகமாகப் பயணம் செய்த தூரம், ஒரு கல்யாணத்துக்காகப் பெங்களூரு வரை.

இந்தச் சுழல்நாற்காலிக்கு எதிரே யசோதா வந்து உட்கார நேர்ந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

யசோதாவுக்கு ஐம்பத்தேழு வயது. நாகலாபுரத்துக்கு அருகே உள்ள தமிழ் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, கன்னையாவுக்கு வாழ்க்கைப்பட்டுச் சித்தூருக்கு வந்தவர். கன்னையா காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் இல்லை. ஊருக்கு வெளியே உள்ள மாம்பழக்கூழ்த் தொழிற்சாலையில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை செய்கிறார்; இப்போது நிரப்பும் பிரிவின் மேற்பார்வையாளர். காய்ச்சிக் குளிர்ந்த கூழ் வெள்ளி நிறப் பைக்குள் இறங்கும். அந்தப் பை நீல டிரம்முக்குள் இருக்கும். பை நிறைந்து வாய் அடைபட்டதும், டிரம்மின் மூடியைப் பொருத்தி, வளையத்தை இறுக்கி, சீல் வைத்து, முகவரிச் சீட்டை ஒட்டி, உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தித் தடவிவிட்டால்தான் யசோதாவுக்கு அந்த டிரம் முடிந்ததாகப் பொருள். சீட்டில் பெரிய ஆங்கில எழுத்துகளில் ஓர் ஊரின் பெயர் இருக்கும். யசோதாவுக்குத் தமிழும் தெலுங்கும் படிக்கத் தெரியும், ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்த ஒன்பது எழுத்துகளை மட்டும் இருட்டில் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். ராட்டர்டாம். நெதர்லாந்து நாட்டின் துறைமுகம்.

அந்த ஊருக்குப் போய்வர வேண்டும் என்பது அவர் ஆசை.

"யக்கா, ஊரு சுத்தணும்னா காசிக்குப் போ, ராமேஸ்வரம் போ" என்றாள் கூட வேலை செய்யும் செங்கம்மா, சாப்பாட்டு நேரத்தில். "நாம அடைச்ச டிரம்மப் பாக்கறதுக்கா பிளேன் ஏறுவாங்க?"

"மூடறவ நான்டி. அங்க தொறக்கறவங்க யாருன்னு ஒரு தபா பாக்கணும்."

"பாத்து?"

"பாத்துட்டு வந்துடணும்."

"போய்ட்டு வர்றப்ப காலி டிரம்மு ஒண்ணு எத்துக்கினு வா. எங்கூட்ல தண்ணி பிடிச்சி வெக்க ஆவும்" என்று சொல்லிவிட்டுச் செங்கம்மா கை கழுவப் போனாள்.

ஏற்றுமதிப் பிரிவில் எழுத்தராக இருந்த இஸ்மாயில் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஒரு கணக்கைச் சொன்னார். வரும் ஆகஸ்டில் மாம்பழப் பருவம் முடியும்போது யசோதாவுக்கு ஓய்வு. "வேலையில கீறப்பவே போயிட்டு வந்துடுக்கா. அப்பாலிக்கி உனக்கு வூடு இல்ல, புள்ள இல்ல, வேலையும் இல்ல. இந்தம்மா திரும்பி வருவாங்கன்னு எவன் நம்பி விசா குடுப்பான்?" என்றார். மே ஐந்தாம் தேதி தொழிற்சாலையைக் கழுவித் துடைத்துப் பருவத்துக்குத் தயார் செய்யத் தொடங்குவார்கள். அதற்கு முன் போய்த் திரும்ப வேண்டும். அந்தச் சில வாரங்களை விட்டால் பிறகு வாய்ப்பே இல்லை.

இஸ்மாயில், கூழ் வாங்கும் ராட்டர்டாம் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். நான்காம் நாள் பதில் வந்தது. புதன்கிழமை காலைகளில் கிடங்கில் டிரம்களைத் திறப்பார்கள். இத்தனை ஆண்டுகளாக அவற்றை மூடியவர் வந்தால் மகிழ்ச்சியோடு சுற்றிக்காட்டுவோம் என்று கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம். யசோதா அதைக் கண்ணாடிக் காகித உறையில் போட்டுப் புடவைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டார்.

விஷயம் இந்த அளவில் நின்றிருந்தால் நல்லதாக முடிந்திருக்கும். ஆனால் அது கொழுந்தன் மோகன்ராஜின் காதுக்குப் போயிற்று.

மோகன்ராஜ் திருப்பதியில் வீட்டுமனை விற்பவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் குழுவாகப் பணம் கட்டி, ஒன்பது நாளில் ஏழு ஐரோப்பிய நாடுகளைப் பார்த்து வந்தவர். பார்த்தது என்று சொன்னால், ஏழு நாடுகளின் கழிப்பறைகளையும் முன் இருக்கையின் முதுகையும் பார்த்தார். மற்ற நேரத்தில் தூங்கினார். சாம்பார் எங்கும் சரியில்லை என்பதே அந்தக் கண்டத்தைப் பற்றி அவர் கண்டறிந்த உண்மை. அன்று முதல் அவர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஏழு காந்தப் பொம்மைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தண்ணீர் எடுக்க வருகிறவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் கேட்காமல் தண்ணீர் குடிக்க முடியாது.

"அண்ணி, இதெல்லாம் உங்க ஃபேக்டரி கிளார்க்கு செய்யற வேலையா?" என்றார் அவர். "நம்ம ஆளு ஒருத்தன் கீறான். அவன் தொட்டா விசா வந்துடும்."

புருஷன் இல்லாத வீட்டில் கொழுந்தன் சொன்னால் தட்டக் கூடாது என்று யசோதா வளர்க்கப்பட்டவர். ஜனவரி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பதிக்குப் பேருந்து ஏறினார்.

கோகுலகிருஷ்ணன் காகிதங்களை ஒவ்வொன்றாக விரல்நுனியால் புரட்டினான். சம்பளச் சீட்டு, தொழிற்சாலை கொடுத்த விடுப்புக் கடிதம், ராட்டர்டாம் கடிதம். கடைசிக் கடிதத்தைப் படித்ததும் அவன் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"இன்னாம்மா இது? டிரம்மு பாக்கப் போறேன்னு எழுதினா எம்பசில சிரிப்பாங்க."

"அதானே சார் உண்மை."

"உண்மை எதுக்குமா விசாவுக்கு? அவங்களுக்கு வேண்டியது டீசென்டா ஒரு காரணம். பாரிஸ், ஸ்விஸ்ல பனி, படகு சவாரி. அந்தா மனமே சூசுகுண்டாம், எல்லாம் நாங்க பாத்துக்கறோம், நீங்க காபரா படாதீங்க."

"எனக்குப் பனி வேணாம் சார். மூட்டு வலி கீது."

மோகன்ராஜ் குறுக்கிட்டார். "அண்ணி, டாக்டர்கிட்ட போயி மாத்திரை பேரு நாம சொல்றதா? அவரு சொல்றதக் கேளுங்க. டிரம்மு மூடறவன்னு எழுதினா நம்ம குடும்பத்துக்கு இன்னா மரியாதை?"

கோகுலகிருஷ்ணன் தலையை ஆட்டினான். பிறகு யசோதாவின் பெயரில் ஒரு புதிய காகிதக்கட்டு பிறந்தது. எல்லாம் ஆங்கிலத்தில். அவன் விரல் வைத்த இடங்களில் எல்லாம் யசோதா தெலுங்கில் கையெழுத்துப் போட்டார். ராட்டர்டாம் கடிதத்தை அவன் மேசைக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டிக்குள் போட்டான். கிளம்பும்போது யசோதா குனிந்து அதை எடுத்து மறுபடி உறையில் வைத்துக்கொண்டார். அவன் அதைப் பார்த்தான். பழைய செய்தித்தாளை எடுத்துப் போகிறவரைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

அடுத்து அவன் புகழுக்குக் காரணமான சேவை. வெள்ளிக்கிழமைதோறும் பாஸ்போர்ட்டுகளுக்குப் பூஜை. அதற்காக யசோதா விடுப்பெடுத்து மறுபடி திருப்பதிக்கு வந்தார். புது வண்டிக்கும், கல்யாணப் பத்திரிகைக்கும், வீட்டுப் பத்திரத்துக்கும் மூலைகளில் மஞ்சள் வைப்பது நம் ஊர் வழக்கம். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கோகுலகிருஷ்ணன் அதை வளர்த்துவிட்டான். தாம்பாளத்தில் பாஸ்போர்ட்டுகளைத் திறந்து அடுக்கி, பன்னீரில் குழைத்த மஞ்சளை, புகைப்படம் உள்ள பக்கத்தின் நான்கு மூலைகளிலும் கட்டைவிரலால் அழுத்தி வைத்து, மேலே குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டுவான்.

"அட்டைமேல வெச்சா போதாதா சார்?" என்று யசோதா கேட்டார். காய்ச்சிய கூழின் மேல் ஒரு தூசு விழுந்தாலும் டிரம்மையே ஒதுக்கி வைப்பவர் அவர்.

"முகம் இருக்கிற பக்கத்துல வெச்சாதாம்மா சாமிக்கு ஆளு தெரியும்" என்றான்.

ஏழுமலையானுக்கு அடையாள அட்டை காட்டிப் பழக்கிய முதல் மனிதன் இவனாகத்தான் இருப்பான்.

பிப்ரவரியில் யசோதா சென்னைக்குப் போய் விசா மையத்தின் வரிசையில் உட்கார்ந்தார். முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பாஸ்போர்ட்டை இயந்திரத்தில் வைத்தாள். இயந்திரம் பேசவில்லை. எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தாள். மறுபடி மௌனம். பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மஞ்சள் ஈரம் மேலுறைக்கு அடியில் ஊறி, பக்கத்தின் அடியில் உள்ள இரண்டு வரி எழுத்துகளைப் பழுத்த மாம்பழத் தோலின் நிறத்தில் மறைத்திருந்தது.

"அம்மா, இது டேமேஜ் பாஸ்போர்ட். இத வெச்சு எடுத்துக்க முடியாது. புதுசா வாங்கிக்கினு வாங்க" என்றாள் அந்தப் பெண். குரலில் கோபம் இல்லை. "யாரும்மா இதுல மஞ்சள் வெச்சது?"

யசோதா பாஸ்போர்ட்டையும் காகிதக்கட்டையும் வாங்கிக்கொண்டார். வெளியே வந்து மோகன்ராஜுக்குத் தொலைபேசியில் சொன்னார். மோகன்ராஜ் கோகுலகிருஷ்ணனை இணைப்பில் சேர்த்தார்.

"அது அவங்க மெஷின் கோளாறும்மா" என்றான் அவன், துளியும் தயங்காமல். "இல்லன்னா உங்க நேரம் சரியில்ல. புது பாஸ்போர்ட் வரட்டும், அதுக்கு டபுள் பூஜை போட்டுடலாம்."

"ஆமா அண்ணி, உங்களுக்கு சனி நடக்குது" என்றார் மோகன்ராஜ்.

திருப்பிக் கொடுக்கப்பட்ட காகிதக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு யசோதா சித்தூர்ப் பேருந்தில் உட்கார்ந்திருந்தார். செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் பக்கங்களைப் புரட்டினார். படிக்கத் தெரியாது, ஆனால் தேடத் தெரியும். முதல் பக்கத்தில் அந்த ஒன்பது எழுத்துகளைத் தேடினார். இல்லை. இரண்டாவதில் இல்லை. வேலூர் வருவதற்குள் முப்பத்தொரு பக்கங்களையும் மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் பார்த்துவிட்டார். ஓரிடத்திலும் இல்லை. அவர் போக விரும்பிய ஊர் அந்தக் கட்டுக்குள்ளேயே இல்லை.

மறுநாள் காலை கட்டை இஸ்மாயிலின் மேசையில் வைத்தார். "தம்பி, இதுல நம்ம ஊரு பேரு காணோம். வேற இன்னா எழுதிக் கீது, பாத்து சொல்லு."

இஸ்மாயில் படிக்கப் படிக்க அவர் முகம் சிறுத்தது.

"யக்கா, நீ டைரக்டர்."

"யாரு?"

"நீதான். யசோதா ஃபுட்ஸ்னு ஒரு கம்பெனியாம். அதுக்கு நீ டைரக்டராம். நாப்பது பேருக்கு சம்பளம் குடுக்கறியாம். பாரிஸ்ல ஓட்டலு புக் பண்ணிக் கீது. ஆப்பிரிக்கால ரெண்டு நாட்டுக்கு டூர் வேற போயிட்டு வந்துட்ட."

"நான் மதுரைகூட போனதில்லயே!"

"இத மட்டும் உள்ள குடுத்திருந்தா, ஒரு போன் போட்டுப் பாத்தா போதும். பொய்ன்னு தெரிஞ்சிடும். அப்பாலிக்கி எந்த நாட்டு வாசலும் உனக்குத் தொறக்காது." இஸ்மாயில் கட்டை மூடினார். "மெஷினுக்கு நல்ல புத்தி இருந்ததுக்கா. அதனாலதான் வாயத் தொறக்கல."

யசோதா கட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். இருபத்தாறு ஆண்டுகளில் அவர் கையால் ஒட்டிய எந்தச் சீட்டிலும் உள்ளே இருப்பதற்கு மாறாக ஒரு சொல் எழுதப்பட்டதில்லை. தம்மீதே அப்படி ஒரு சீட்டு ஒட்டப்பட்டுவிட்டது. அதற்குத் தாமே முப்பத்தொரு இடத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

"புதுசா எழுதலாம்" என்றார் பிறகு. "நான் சொல்றேன், நீ இங்கிலீஷ்ல எழுது. கூட ஒண்ணும் சேக்காத."

திருப்பதிக்குப் போய்ப் புதிய பாஸ்போர்ட்டுக்கு மனுக் கொடுத்தார். பழையது ஏன் கெட்டது என்று கேட்ட அதிகாரியிடம், "மஞ்சள் வெச்சாங்க சார், நான் பாத்துக்கினு சும்மா இருந்துட்டேன்" என்றார். அதிகாரி எழுதிக்கொண்டார். மார்ச் மூன்றாம் வாரத்தில் புதியது வந்தது. யசோதா அதைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, கூழ்ப்பையின் வாயை மடிப்பதுபோல் இரண்டு முறை மடித்து வைத்தார்.

அவர் சொல்லி இஸ்மாயில் எழுதிய கடிதம் மிகவும் சிறியது. சித்தூரில் மாம்பழக்கூழ் டிரம்களை மூடுவது என் வேலை. இருபத்தாறு ஆண்டுகளாக அவற்றின்மேல் ஒரே ஊரின் பெயரை ஒட்டி வருகிறேன். அந்த ஊரையும், டிரம்மைத் திறப்பவர்களையும் பார்க்க விரும்புகிறேன். மே ஐந்தாம் தேதி தொழிற்சாலையைக் கழுவ வேண்டும், அதற்குள் திரும்பிவிடுவேன். அவ்வளவுதான். அதோடு ராட்டர்டாம் கடிதம், விடுப்புக் கடிதம், காப்பீடு, கிடங்குக்குப் பக்கத்தில் ஓர் எளிய விடுதியின் முன்பதிவு. எல்லாவற்றையும் சென்னை விசா மையத்தில் கொடுத்துவிட்டு வந்தார்.

மோகன்ராஜுக்குச் செய்தி எட்டியதும் சித்தூருக்கே வந்துவிட்டார்.

"டிரம்மு மூடறவன்னே எழுதிக் குடுத்துட்டீங்களா? அறிவு கீதா அண்ணி? பெரிய பெரிய ஆளுங்களுக்கே ரிஜெக்ட் பண்றான். உங்கள எவன் மதிப்பான்? போயி அங்கயும் கூழ் துன்னுக்கினு வருவீங்க."

"நீ ஏழு நாட்டுல இன்னா துன்ன மோகனு?"

"நாங்க தயிர் சாதம் எத்துக்கினு போனோம்."

"அதுக்கு நீ வூட்லயே துன்னிருக்கலாம்" என்றார் யசோதா. கொழுந்தனிடம் அவர் அதுவரை இப்படிப் பேசியதில்லை.

குரங்கின் கதையில் ஓர் ஆமையும் உண்டு. வரிசை நீளமாக இருந்தது; ஆமைக்கு நிற்கப் பொறுமை இருந்தது, ஆனால் கொடுக்கக் கொட்டை இல்லை. எனவே அது வரிசையைச் சுற்றிக்கொண்டு நேரே படியில் ஏறிவிட்டது. எதுவும் முட்டவில்லை. குரங்கு கத்தியது, ஆமைக்குக் காது கொஞ்சம் மந்தம்.

ஏப்ரல் முதல் வாரத்தில் தூதரகத்திலிருந்து யசோதாவுக்குத் தொலைபேசி வந்தது. தமிழ் பேசும் ஒரு பெண். "எதுக்காகப் போறீங்கம்மா?" என்று கேட்டாள். யசோதா கடிதத்தில் இருந்ததையே சொன்னார். "திரும்பி வருவீங்கங்கறதுக்கு என்ன உத்தரவாதம்?" என்றாள். யசோதாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "நான் வராட்டி மிஷினு யாரு கழுவுவாங்க?" என்று அவர் திருப்பிக் கேட்டார். மறுமுனையில் பேனா ஓடும் ஓசை கேட்டது.

பத்து நாள் கழித்துப் பாஸ்போர்ட் வந்தது. விசா ஒட்டப்பட்டிருந்தது. யசோதா முதலில் அது கோணாமல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார்.

ஏப்ரல் கடைசிப் புதன்கிழமை அவர் ராட்டர்டாம் கிடங்கில், இரவல் வாங்கிய கம்பளிச் சட்டையோடு நின்றார். நீல டிரம்கள் வரிசையாக இருந்தன. திறக்கிறவர் அறுபது வயதுக்காரர். காதில் பஞ்சு, கையில் உறை. அவர் செய்த முதல் காரியம், யசோதா உள்ளங்கையால் தடவித் தடவி ஒட்டிய சீட்டை ஒரு தகட்டால் சரக்கென்று சுரண்டிக் குப்பைக்கூடையில் போட்டதுதான். இருபத்தாறு ஆண்டு உழைப்புக்கு ஒரு நொடி. யசோதாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் ஏன் சிரிக்கிறார் என்று சுற்றிக்காட்ட வந்த பெண் விளக்கியதும், அந்த மனிதர் உறையைக் கழற்றிக் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார். பிறகு அடுத்த டிரம்மைச் சுட்டிக்காட்டி, தம்முடைய கருவியை யசோதாவிடம் கொடுத்தார். யசோதா தாம் மூடியதைத் தாமே திறந்தார். உள்ளே கூழ் நிறம் மாறாமல் இருந்தது. இருவரும் அந்த டிரம்முக்கு இருபுறமும் நிற்க, மூடியின்மேல் யசோதா கை வைத்திருக்க, ஒரு படம் எடுத்தார்கள். குடும்ப வழக்கத்தை விடாமல் யசோதா அந்தப் படத்தைக் கொழுந்தனுக்கும் அனுப்பினார்.

மே நான்காம் தேதி திரும்பினார். ஐந்தாம் தேதி மிஷின் கழுவினார்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் செங்கம்மா தன் செல்பேசியை நீட்டினாள். "யக்கா, இன்னா நீ எங்கெல்லாமோ போயிட்டு வந்து கீற!" கருடவாகனத்தின் விளம்பரம் அது. 'எங்கள் சேவையால் இன்னொரு வெற்றி' என்று தெலுங்கில் எழுதி, யசோதாவின் படம் போட்டிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை யசோதாவுக்கு வார விடுமுறை. திருப்பதிக்குப் போய், செருப்புக் கடைக்கு மேலே இரண்டு மாடி ஏறினார். பெஞ்சில் அமர்ந்து பூஜைக்காகக் காத்திருந்தவர்கள் ஏழு பேர். சுவரில் பாரிஸ் கோபுரத்துக்கு முன்னால் யசோதா ஆளுயரத்தில் நின்றுகொண்டிருந்தார். டிரம் இல்லை. திறக்கிறவரும் இல்லை. மூடியின்மேல் வைத்திருந்த கை இப்போது வெறுங்காற்றில் எதையோ ஆசீர்வதித்துக்கொண்டிருந்தது.

"டிரம்மு எங்க?" என்றார் யசோதா.

கோகுலகிருஷ்ணன் எழுந்து நின்று கைகூப்பினான். வெட்கம் என்ற ஒன்று அவனுக்குப் பிறவியிலேயே வைக்கப்படவில்லை. "வாங்கம்மா, வாங்க! பாருங்க, இவங்கதான் அவங்க!" என்று காத்திருந்தவர்களிடம் அறிமுகப்படுத்தினான். "டிரம்மு கிளாஸா இல்லம்மா, அதான் எடுத்துட்டேன்."

பெஞ்சில் இருந்த ஒரு பெண்மணி ஆவலோடு முன்னால் சாய்ந்தார். "ஏம்மா, உங்களுக்கு எந்த வெள்ளிக்கிழமை பூஜை பண்ணாங்க? வளர்பிறையா, தேய்பிறையா?"

யசோதா நடந்ததை நடந்தபடி சொன்னார். மஞ்சள் ஊறிப் பாஸ்போர்ட் கெட்டது, பொய்க்கட்டு திரும்பியது, உண்மையை எழுதி விசா வாங்கியது எல்லாவற்றையும். அனைவரும் பயபக்தியோடு கேட்டார்கள்.

"அதாங்க!" என்றார் அந்தப் பெண்மணி. "அந்த மஞ்சள்தான் உங்களத் தடுத்து நல்ல வழி காட்டிக் கீது. எவ்ளோ சக்தி பாருங்க!"

"சூசாரா! பாத்தீங்களா!" என்று கோகுலகிருஷ்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அந்த விளக்கம் அவனுக்கே அதுவரை தோன்றியிருக்கவில்லை. இனி அதற்கும் கட்டணம் வாங்குவான் என்பது அவன் கண்ணில் தெரிந்தது.

யசோதா தாம்பாளத்தைப் பார்த்தார். ஏழு பாஸ்போர்ட்டுகள் முகம் திறந்து கிடந்தன. பக்கத்தில் குழைத்த மஞ்சள்.

"இதுல உன்து எது சார்?" என்று கேட்டார்.

"என்துன்னா?"

"உன் பாஸ்போர்ட்டு. அதுக்கு எப்ப பூஜை போட்ட?"

கோகுலகிருஷ்ணன் சிரித்தான். "எனக்கு எதுக்கும்மா பாஸ்போர்ட்டு? நான் எங்க போப் போறேன்?"

அறையில் இருந்தவர்கள் இதற்கும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார்கள். யசோதா சுவரருகே போனார். சுவரில் இருந்த தம் படத்தை ஒரு மூலையிலிருந்து பிடித்து, சீட்டு உரிப்பதுபோல் ஒரே இழுப்பில் உரித்துச் சுருட்டிக்கொண்டு படியிறங்கினார்.

செருப்புக் கடை வாசலுக்கு வருவதற்குள் பின்னால் காலடி கேட்டது. பெஞ்சின் ஓரத்தில் இருந்த ஒரு தம்பதி. ஆண், புத்தூர்க்காரர், முப்பது ஆண்டுகள் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கையில், தாம்பாளத்திலிருந்து எடுத்துக்கொண்ட இரண்டு பாஸ்போர்ட்டுகள். ஏழு பேரில் இந்த இருவர் மட்டும் எழுந்து வந்திருந்தார்கள். மேலே பூஜை மணி அடிக்கத் தொடங்கியிருந்தது.

"யம்மா, அந்தக் கடுதாசில இன்னா எழுதணும்?" என்றார் அவர்.

"நீங்க நெஜமா எதுக்குப் போறீங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி வேறு பக்கம் பார்த்து, "சொல்லித் தொலை" என்றார்.

"அங்கெல்லாம் தெருவுல தண்டவாளம் போட்டு டிராமு வண்டி ஓட்றாங்களாம்" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி நின்னு, எப்படி பிரேக்கு போட்றான்னு பாக்கணும்."

"இதக் கேட்டா ஊரே சிரிக்கும்னு சொல்லிக்கினே கீறேன்" என்றார் மனைவி.

யசோதா மடியிலிருந்து பேனாவை எடுத்தார். கையில் இருந்த சுருளை விரித்து, பின்புறம் வெள்ளையாக இருந்த இடத்தில் இஸ்மாயிலின் எண்ணை எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.

"அதையே எழுதுங்க" என்றார்.